சந்தேகம் வீட்டிலிருந்து கிளம்பிய கதை: ‘அன்பிலீவபிள்’ தொடரின் வளர்ப்புத் தாய்மார்கள்

கேட்கப்பட்ட கேள்வியில் இரண்டு பகுதிகள் உள்ளன. நெட்ஃபிளிக்ஸில் வெளியான ‘அன்பிலீவபிள்’ தொடரின் முதல் பகுதியில், வல்லுறவுக்கு உள்ளான பதினெட்டு வயதுப் பெண்ணை அவரை வளர்த்த தாய்மார்களே நம்பாமல் போவது கதைக்காக மிகைப்படுத்தப்பட்டதா என்பது ஒன்று. உண்மையிலேயே அந்தக் கொடுமை நடந்திருந்தால், ‘நான் சொன்னது பொய்’ என்று அவர் ஏன் கைப்பட எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டு பூட்டுக்கும் சாவி ஒன்றுதான் என்று நான் கருதுவதால், பிரிக்காமல் சேர்த்தே பதில் எழுதுகிறேன். கதையின் முடிவையும் சொல்ல வேண்டியிருப்பதால், இன்னும் பார்க்காதவர்கள் பார்த்த பிறகு படிப்பது நல்லது.

மிகைப்படுத்தல் எதுவும் இல்லை. 2019 செப்டம்பர் 13 அன்று எட்டுப் பகுதிகளாக வெளியான இத்தொடர், டி. கிறிஸ்டியன் மில்லர், கென் ஆம்ஸ்ட்ராங் என்ற இரு பத்திரிகையாளர்கள் 2015 டிசம்பரில் புரோபப்ளிகா, மார்ஷல் புராஜெக்ட் ஆகிய செய்தி நிறுவனங்களுக்காகச் சேர்ந்து எழுதிய நீண்ட கட்டுரையை அடிப்படையாகக் கொண்டது. அக்கட்டுரைக்கு 2016-இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. சூசன்னா கிராண்ட், அயலெட் வால்ட்மன், மைக்கேல் சேபன் மூவரும் அதைத் தொடராக உருவாக்கியபோது காவலர்கள், வளர்ப்புத் தாய்மார்கள், குற்றவாளி எல்லோருடைய பெயர்களையும் மாற்றினார்கள். ‘மேரி’ என்ற பெயரை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். அது அந்தப் பெண்ணின் நடுப்பெயர். பத்திரிகையாளர்களும் அதை மட்டுமே பயன்படுத்தினர்.

நடந்தது இதுதான். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சியாட்டில் நகருக்கு வடக்கே லின்வுட் என்றொரு சிறு நகரம் உள்ளது. 2008 ஆகஸ்டு 11 அன்று அதிகாலை, அங்கே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் தனியாக வசித்து வந்த மேரியின் வீட்டுக்குள் கத்தியுடன் நுழைந்த ஒருவன், அவருடைய சொந்தக் காலணியின் கயிற்றாலேயே கைகளைக் கட்டி, கண்களையும் கட்டி, வல்லுறவு செய்து, புகைப்படங்களும் எடுத்துவிட்டுச் சென்றான். மேரி சிறு வயதிலிருந்தே அரசின் பராமரிப்பில் வளர்ந்தவர். பத்துப் பதினோரு வளர்ப்பு வீடுகளாவது மாறியிருப்பேன் என்பது அவருடைய சொந்தக் கணக்கு. பராமரிப்பு வயதைக் கடந்த இளையவர்கள் தனியே வாழப் பழகுவதற்கு உதவும் ஒரு திட்டத்தின் கீழ்தான் அந்த வீடு அவருக்குக் கிடைத்திருந்தது. இந்த விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது முக்கியமாகிறது.

அவர் முதலில் தகவல் சொன்னவர்களில் இரண்டு முன்னாள் வளர்ப்புத் தாய்மார்கள் இருந்தார்கள். தொடரில் அவர்கள் ஜூடித், கொலீன் என்ற பெயர்களில் வருகிறார்கள். எலிசபெத் மார்வெலும் பிரிட்ஜெட் எவரெட்டும் நடித்திருக்கிறார்கள். இருவருமே கொடுமைக்காரிகள் அல்லர். மேரி பராமரிப்பிலிருந்து வெளியேறிய பிறகும் உறவைத் தொடர்ந்தவர்கள், அழைத்தால் ஓடி வருபவர்கள். ஆனால் நிஜத்தில் ஒருவருக்கு, தொலைபேசியில் மேரி சொன்ன விதம் தொலைக்காட்சிக் குற்றத் தொடரின் வசனத்தைப் போலப் பட்டிருக்கிறது. மற்றவருக்கோ, அந்தக் குரலில் உணர்ச்சியே இல்லை, சாண்ட்விச் செய்தேன் என்று சொல்வது போலச் சொன்னாள் என்று தோன்றியிருக்கிறது. ஒருவருக்கு நாடகத்தனம் கூடிவிட்டது, இன்னொருவருக்கு நாடகத்தனம் போதவில்லை. ஒரே பெண், ஒரே நாள், எதிரெதிரான இரண்டு குறைகள், ஆனால் முடிவு மட்டும் ஒன்று. தன் வீட்டுப் பெண்ணின் துயரத்தை எடைபோட அந்தத் தாயின் கையில் இருந்த படிக்கல்லும் ஒரு தொலைக்காட்சித் தொடர்தான் என்பதைப் படித்தபோது எனக்குச் சற்று நேரம் வேறு எதுவும் ஓடவில்லை.

அதன்பின் படுக்கை விரிப்பு விவகாரம் வருகிறது. பழைய விரிப்பைக் காவலர்கள் தடயமாக எடுத்துச் சென்றுவிட்டதால் புதிது வாங்கக் கடைக்குப் போனபோது, அதே மாதிரியான விரிப்பு கிடைக்கவில்லை என்று மேரி கோபப்பட்டிருக்கிறார். அந்தக் கொடுமை நடந்த விரிப்பைப் போன்ற ஒன்றையே மறுபடி யார் தேடுவார்கள் என்பது உடன் இருந்தவரின் ஐயம். எனக்கு இதில் ஐயப்பட எதுவும் தெரியவில்லை. பதினெட்டு வயதுக்குள் பத்து வீடுகள் மாறிய பெண், தனக்கென்று முதன்முதலாக அமைந்த அறையை முந்தைய நாள் இருந்தபடியே திரும்பப் பெற நினைத்திருக்கிறார். அதை ஒரு விரிப்பின் நிறத்தில் தேடியிருக்கிறார், அவ்வளவுதான்.

இத்துடன் நின்றிருந்தால் அது இரண்டு பெண்களுக்கு இடையிலான பேச்சாகவே முடிந்திருக்கும். ஆனால் அவர்களில் ஒருவர், தாம் சொன்னதாகத் தெரிய வேண்டாம் என்ற வேண்டுகோளுடன், விசாரணை அதிகாரியைத் தொலைபேசியில் அழைத்து, மேரி பிறர் கவனத்தைக் கவர்வதற்காக இதைச் செய்திருக்கலாம் என்று சொன்னார். இந்த அழைப்புதான் முழுக் கதையின் அச்சாணி என்பது என் கருத்து. அதுவரை கட்டிய கையின் தழும்பும் மருத்துவப் பரிசோதனை அறிக்கையும் இருந்த ஒரு வழக்கில், அதன்பிறகு விசாரிக்கப்பட்டது குற்றவாளி அல்ல, மேரி. பெற்ற பிள்ளை போல வளர்த்தவரே சந்தேகப்படுகிறார் என்றால் அதற்குக் காரணம் இருக்கும் என்று காவலர்கள் எண்ணினார்கள். காவலர்கள் நெருக்கியதும் மேரி பின்வாங்கினார். அவர் பின்வாங்கியதைக் கண்டு, நாம் சந்தேகப்பட்டது சரிதான் என்று தாய்மார்கள் உறுதிப்பட்டார்கள். வீட்டிலிருந்து புறப்பட்ட சந்தேகம் காவல் நிலையத்துக்குச் சென்று, அங்கே அரசு முத்திரை பெற்று, உண்மை என்ற பெயரில் வீட்டுக்கே திரும்பி வந்தது. இந்தச் சுற்றுக்குள் புதிதாக ஒரு தடயம்கூட நுழையவில்லை என்பதைக் கவனித்துப் பார்த்தால் உங்கள் முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். சம்பவம் நடந்து சில நாட்களுக்குள் மேரியை நிலையத்துக்கு அழைத்த காவலர்கள், அவர் வெவ்வேறு நேரங்களில் சொன்னவற்றில் இருந்த முரண்களை அடுக்கினார்கள். கட்டிய கயிற்றை அறுத்த பிறகு தொலைபேசியை எடுத்தாரா, அதற்கு முன்பே கால்விரலால் எண்களை அழுத்தினாரா என்பது போன்ற முரண்கள் அவை. முதலில் ‘ஒருவேளை கனவாக இருக்கலாம்’ என்றவர், பிறகு பொய் சொன்னதாகவே எழுதிக் கொடுத்தார். ஆனால் பெரும்பாலோர் கவனிக்கத் தவறும் விஷயம், அடுத்த சில நாட்களிலேயே அவர் திரும்ப வந்து, ‘இல்லை, அது உண்மையாகவே நடந்தது’ என்று சொன்னார் என்பதுதான். அப்போது, உண்மை கண்டறியும் கருவிச் சோதனையில் தோற்றால் சிறைக்கு அனுப்புவேன், குடியிருப்பு உதவியையும் நிறுத்தச் சொல்வேன் என்று எச்சரித்தார் ஒரு காவலர். மேலே நினைவில் வைக்கச் சொன்ன வீடு இதுதான். போக வேறு இடமில்லாத ஒருவரிடம், உண்மை வேண்டுமா கூரை வேண்டுமா என்று கேட்டால் அவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? மேரி மறுபடியும் பின்வாங்கினார்.

அதன் பலனாக அவர் மீதே பொய்ப் புகார் கொடுத்த குற்றம் சுமத்தப்பட்டது. ஓராண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கக்கூடிய குற்றம் அது. 2009 மார்ச்சில், நன்னடத்தைக் கண்காணிப்பு, மனநல ஆலோசனை, 500 டாலர் நீதிமன்றச் செலவு ஆகியவற்றுக்கு ஒப்புக்கொண்டு வெளியே வந்தார். அதற்கு முன்பே, திட்டத்தில் தங்கியிருந்த மற்ற இளையவர்களைக் கூட்டி, அவர்கள் முன்னிலையில் தான் பொய் சொன்னதாக அவர் வாயாலேயே சொல்ல வைத்தார்கள். தொடரில் இந்தக் காட்சியில் மேரியாக நடித்த கேட்லின் டெவரின் முகத்தைப் பாருங்கள். அழுகை வராத அந்த முகத்தைத்தான் எல்லோரும் குற்ற ஒப்புதலாகப் படிக்கிறார்கள்.

சொன்னதைத் திரும்பப் பெறுதல் என்பது இத்துறையில் புதிய செய்தி அல்ல. அமெரிக்க மனநல மருத்துவர் ரோலண்ட் சம்மிட் 1983-இல் எழுதிய ஒரு கட்டுரையில், குடும்பத்துக்குள் பாலியல் கொடுமைக்கு ஆளாகும் குழந்தைகளிடம் தாம் கண்ட ஐந்து நிலைகளை விவரித்தார்: இரகசியம், இயலாமை, சிக்கிக்கொண்டு அதற்கேற்பத் தன்னை வளைத்துக்கொள்ளுதல், காலம் தாழ்ந்தும் நம்ப முடியாத விதத்திலும் வெளிப்படும் பேச்சு, கடைசியாகச் சொன்னதை மறுத்தல். பின்னாளில் நீதிமன்றங்களில் இதை நோயறியும் கருவி போலப் பயன்படுத்தியதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. அந்த எதிர்ப்பில் நியாயமும் இருந்தது. ஆனால் கடைசி நிலையைப் பற்றி 2007-இல் மலாய், லயன், குவாஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு நம் கேள்விக்கு நேரடியாகப் பொருந்துகிறது. கலிபோர்னியாவில் 257 குழந்தைகளின் வழக்குக் கோப்புகளைப் படித்த அவர்கள், 23.1 விழுக்காட்டினர் ஏதோ ஒரு கட்டத்தில் தம் புகாரை மறுத்திருப்பதைக் கண்டார்கள். குற்றத்தில் தொடர்பில்லாத பெற்றோர், பெரும்பாலும் தாய், துணை நிற்காத குழந்தைகளிடம் இந்த மறுப்பு கூடுதலாக இருந்தது. கொடுமை செய்தவர் பெற்றோர் நிலையில் இருந்தபோதும், குழந்தை வயதில் சிறியதாக இருந்தபோதும் அப்படியே. புகார்கள் பொய்யாக இருந்ததால்தான் மறுத்தார்கள் என்று கொள்ள அந்தத் தரவுகளில் ஆதரவு இல்லை. மேரி குழந்தை அல்லர், அவரைத் தாக்கியவன் குடும்பத்தவனும் அல்லன். ஆனாலும் சார்ந்து நிற்பவரின் நம்பிக்கை நழுவியதும் வாக்குமூலமும் நழுவுகிறது என்ற இயக்கம் ஒன்றுதான்.

நினைவில் நேரும் முரண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. உயிருக்கு அஞ்சும் நேரத்தில் மூளை நிகழ்வுகளை வரிசைப்படி அடுக்கி வைப்பதில்லை. கத்தியின் பளபளப்போ ஒரு வாசனையோ கூர்மையாகப் பதிந்திருக்க, எது முன்னால் எது பின்னால் என்பது கலைந்துபோகும். உணர்ச்சியற்ற குரலும் அப்படித்தான். தன் உடலுக்கு வெளியே நின்று பார்ப்பது போன்ற அந்த மரத்துப்போன நிலை அதிர்ச்சியின் பரவலான வடிவங்களில் ஒன்று. இவற்றை வைத்துப் புகாரைப் பொய் என்று தீர்மானிக்கக் கூடாது என்பது, லின்வுட் சம்பவத்துக்கு முன்பே அமெரிக்கக் காவல் பயிற்சிகளில் சொல்லப்பட்டு வந்த செய்தி. அதே காவல் நிலையம் 2008 முதல் 2012 வரை தன்னிடம் வந்த 47 வல்லுறவுப் புகார்களில் 10-ஐ ஆதாரமற்றவை என்று மூடியிருந்தது. அதாவது 21.3 விழுக்காடு, ஒத்த அளவு மக்கள்தொகை கொண்ட பகுதிகளின் சராசரி 4.3 விழுக்காடு மட்டுமே.

தொடர் இதைச் சொல்லும் முறை பாராட்டுக்குரியது. முதல் பகுதியில் மேரி தனக்கு நடந்ததை முதலில் வந்த காவலரிடமும், விசாரணை அதிகாரியிடமும், மருத்துவமனையிலும் சொல்கிறார்; பிறகு எழுத்திலும் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் சொற்கள் தேய்ந்து, சம்பவம் அவருக்கே அந்நியமாகிக்கொண்டு போவதைப் பார்வையாளர் உணர்கிறார். வன்முறையைக் கேமரா வெளியிலிருந்து காட்சிப்படுத்துவதில்லை. கண்கட்டின் இடுக்கில் மேரிக்குத் தெரிந்த துண்டு துணுக்குகள் மட்டுமே நமக்கும் தெரிகின்றன. இரண்டாம் பகுதியில் கதை கொலராடோவுக்கு, 2011-க்குத் தாவுகிறது. மெரிட் வெவர் நடித்த துப்பறிவாளர் கேரன் டுவால், வல்லுறவுக்கு உள்ளான ஆம்பர் என்ற மாணவியை விசாரிக்கும் காட்சி அங்கே வருகிறது. ஒவ்வொரு படியிலும் அனுமதி கேட்டு, அவசரப்படுத்தாமல், அந்தப் பெண்ணின் நிதானமான பேச்சைக் குறையாக எண்ணாமல் அவர் நடந்துகொள்கிறார். ஆம்பரும் அழவில்லை, மேரியும் அழவில்லை. கேட்பவர் மாறியதால் வழக்கே மாறிவிடுகிறது. இந்த இரண்டு பகுதிகளையும் ஒரே அமர்வில் அடுத்தடுத்துப் பார்ப்பது தேவையான வேதனை.

கொலராடோ விசாரணையைப் பற்றி இங்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விறுவிறுப்பான பகுதி என்பதால் எல்லோரும் அதைப் பற்றியே எழுதுகிறார்கள். நிஜத்தில் அங்கே கோல்டன் நகரத் துப்பறிவாளர் ஸ்டேசி கால்பிரெய்த்தும் வெஸ்ட்மின்ஸ்டர் நகரத் துப்பறிவாளர் எட்னா ஹெண்டர்ஷாட்டும் தத்தம் வல்லுறவு வழக்குகளை ஒப்பிட்டு, மற்ற நகர வழக்குகளையும் இணைத்து, 2011 பிப்ரவரியில் மார்க் ஓ’லியரி என்பவனைப் பிடித்தார்கள். அவனிடம் கைப்பற்றிய படங்களில், அடையாளம் தெரியாத ஓர் இளம்பெண்ணின் மார்பின் மீது அவருடைய வாகனப் பழகுநர் உரிமம் வைக்கப்பட்டிருந்தது. அதில் லின்வுட் முகவரியும் மேரியின் பெயரும் இருந்தன. கொலராடோவில் அவனுக்கு 327½ ஆண்டுகள் தண்டனை விதிக்கப்பட்டது.

இந்த இடத்தில்தான் தொடரின் மீது எனக்கு ஒரு மனக்குறை உண்டு. மேரி சொன்னது உண்மை என்று நிலைநாட்டியது குற்றவாளியே எடுத்து வைத்த புகைப்படம். அவன் கேமரா கொண்டுவராதவனாக இருந்திருந்தால், மேரியின் தாய்மார்கள் இன்றும் தம் ஊகம் சரியென்றே நினைத்துக்கொண்டிருப்பார்கள். பார்வையாளராகிய நாமும் அந்தத் தாய்மார்களின் இடத்தில்தான் நின்றிருப்போம். தாக்கியவன் முகம் தெரியாத அந்நியன், இரண்டு மாநிலங்களில் ஒரே முறையில் குற்றம் செய்தவன், தானே சான்று சேர்த்து வைத்தவன் என்பதெல்லாம் மிக அரிதான சேர்க்கை. சித்தப்பாவோ, குடும்ப நண்பரோ, அண்ணனோ குற்றவாளியாக இருக்கும் வீடுகளில் அப்படி எந்தப் புகைப்படமும் கிடைக்கப்போவதில்லை. அங்கே நம்புவதற்கு ஒரு விலையும் இருக்கிறது: மகளை நம்பினால் கணவனையோ உடன்பிறந்தவனையோ இழக்க வேண்டும். மேரியின் தாய்மார்களுக்கு அப்படி எந்த இழப்பும் இல்லாதபோதே நம்பிக்கை இவ்வளவு எளிதாக உடைந்தது என்றால், அந்த விலையும் சேர்ந்த வீடுகளைப் பற்றித் தொடர் இன்னும் ஒரு வரியாவது பேசியிருக்கலாம்.

ஆனால் ஒரு விவரம் தாய்மார்களுக்குச் சாதகமாகவும் உண்டு, அதையும் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. 2008 அக்டோபரில், அருகிலுள்ள கிர்க்லண்ட் நகரில் 63 வயதுப் பெண் ஒருவர் இதே முறையில் தாக்கப்பட்ட செய்தியைக் கண்ட அவர்களில் ஒருவர், உடனே கிர்க்லண்ட் காவல்துறையை அழைத்து மேரியின் சம்பவத்தைச் சொன்னார். மேரியையும் பேசச் சொன்னார். மேரி மறுத்துவிட்டார், மூன்றாம் முறை பொய்யர் பட்டம் வாங்க அவர் தயாராக இல்லை. கிர்க்லண்ட் காவலர்கள் லின்வுட்டைக் கேட்டபோது, அது பொய்ப் புகார், மூடப்பட்டது என்ற பதில் வந்தது. நம்பாத தாயே நம்பத் தொடங்கியபோதும் வீட்டிலிருந்து கிளம்பிய சந்தேகம் கோப்பில் ஏறிப் படிந்துவிட்டிருந்தது. அதை இறக்க அவரால் முடியவில்லை.

2011 மார்ச்சில் லின்வுட் காவலர்கள் மேரியைத் தேடிச் சென்று உண்மையைச் சொன்னார்கள். அவருடைய வழக்குப் பதிவு நீக்கப்பட்டது, 500 டாலர் திருப்பித் தரப்பட்டது. வெளியிலிருந்து வழக்கை மறுஆய்வு செய்த அண்டை அலுவலக அதிகாரி ஒருவர், அந்தப் பெண் நெருக்கப்பட்டுத்தான் பொய் என்று ஒப்புக்கொண்டார் என்று அறிக்கை எழுதினார். மேரி நகராட்சி மீது தொடுத்த வழக்கு 1,50,000 டாலர் இழப்பீட்டில் முடிந்தது. தாய்மார்கள் இருவரும் மன்னிப்புக் கேட்டார்கள். மேரி அவர்களை மன்னித்து உறவைத் தொடர்ந்தார், பின்னர் கனரக வாகன ஓட்டுநராகி நெடுந்தூரச் சரக்கு லாரி ஓட்டினார், திருமணம் செய்துகொண்டு பிள்ளைகளும் பெற்றார்.

மன்னித்ததை வைத்து எல்லாம் சரியாகிவிட்டது என்று கொள்ள வேண்டாம். நீதிமன்ற உத்தரவின்படி ஆலோசனைக்குச் செல்லும் மேரியிடம், இதே நிலை மறுபடி வந்தால் என்ன செய்வாய் என்று ஆலோசகர் கேட்கும் காட்சி தொடரில் உண்டு. முதலிலேயே உண்மையைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பேன் என்ற பதிலைத்தான் நாம் எதிர்பார்க்கிறோம். மேரியோ, இன்னும் சீக்கிரமாகவும் இன்னும் திறமையாகவும் பொய் சொல்லியிருப்பேன் என்கிறார்.